தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு விளையாட்டுப் பயிற்சி: முகாமா, வெளியாளா, கூட நிற்கும் பி.இ.டி.யா?

தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் கிடையாது. கால அட்டவணையில் விளையாட்டு வேளை இருக்கும். அதை எடுக்க வேண்டியவர் தமிழும் கணக்கும் நடத்தும் அதே வகுப்பாசிரியர்தான். நடப்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, டீச்சர் வேப்பமரத்தடியில் நோட்டுத் திருத்துவார். அல்லது அந்த வேளையையே கணக்கு விழுங்கிவிடும்.

இதைச் சரிசெய்ய நினைக்கும் தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, உதவ முன்வரும் முன்னாள் மாணவர்கள் ஆகியோர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் வந்து நிற்கும். ஆசிரியர்களை நாலைந்து நாள் முகாமுக்கு அனுப்பலாம். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு வைத்து அவரையே வகுப்பு எடுக்கச் சொல்லலாம். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை, அதாவது பி.இ.டி.யை, வாரம் ஒரு நாள் வரவழைத்து, வகுப்பாசிரியரோடு சேர்ந்து பாடம் எடுக்க வைக்கலாம். எங்கள் பரிந்துரை மூன்றாவது வழி. ஆனால் அது எல்லாப் பள்ளிக்கும் பொருந்தாது. அது கெட்டுப்போகும் விதங்களும் உண்டு.

முதலில், வகுப்பாசிரியர் எதைக் கற்க வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். உடற்கல்வி ஆசிரியராகப் படிக்கும் பி.பி.எட். என்பது பட்டம் முடித்தபின் இரண்டு ஆண்டுப் படிப்பு. 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கி, இப்போது சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி முதல் மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழகம் வரை, உடலியல், விளையாட்டு விதிகள், ஆடுகள அளவுகள், போட்டி நடத்தும் முறை என்று அதற்கு ஒரு பெரிய பாடத்திட்டம் இருக்கிறது. அதைச் சுருக்கி ஐந்து நாளில் அடைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலான முகாம்களின் முதல் தவறு. மூன்றாம் வகுப்பு டீச்சருக்குக் கபடிக் களத்தின் அளவு தேவையில்லை. ஓடி நிற்பது, திசை மாற்றுவது, குதித்து இறங்குவது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, சமநிலை காப்பது ஆகிய ஏழெட்டுத் திறன்களில் பிழை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அதோடு நாற்பது பேரை ஒரே நேரத்தில் அசைய வைக்கும் வித்தையும் வேண்டும். இரண்டில் கடினமானது பின்னதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது குழந்தைகள், நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துப் பேர். பத்து மீட்டர் ஓடிக் கல்லைத் தொட்டுத் திரும்பி வந்து அடுத்தவர் கையைத் தட்ட ஏறக்குறைய 8 விநாடி ஆகும். பிறகு அந்தக் குழந்தை 72 விநாடி வரிசையில் நிற்கும். ரிலே இருபது நிமிடம் விடாமல் நடந்தாலும் ஒரு குழந்தை ஓடியது மொத்தமே 2 நிமிடம். மீதி 18 நிமிடமும் முன்னால் நிற்பவர் சட்டையை இழுப்பதில் கழியும். அதையே மூன்று பேர் கொண்ட வரிசைகளாகப் பிரித்தால் அதே இருபது நிமிடத்தில் ஓட்டம் ஏழு நிமிடத்தை நெருங்கும். கூடுதல் செலவு பத்துக் கற்கள்தான்.

கோ-கோவும் அப்படியே. துரத்தும் அணியில் ஒன்பது, ஓடுபவர் மூன்று, ஆக 12 பேர் களத்தில். அதிலும் எந்த நொடியிலும் நிஜமாக ஓடுவது நாலு பேர். மீதி 28 பேர் வேடிக்கை. ‘கொலை கொலையா முந்திரிக்கா’வில் வட்டமாக எல்லோரும் உட்கார்ந்திருக்க ஓடுவது இரண்டே பேர். குழந்தைகளுக்குப் பிடிக்கும்தான், கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நொண்டி வேறு மாதிரி: நொண்டியடிப்பவர் துரத்த, சுண்ணாம்புக் கோட்டுக்குள் இருக்கும் அத்தனை பேரும் ஓட வேண்டும். வகுப்பை நாலு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நொண்டி என்று விட்டால் யாரும் சும்மா நிற்க வழியில்லை. பிடிபட்டவரை வெளியே அனுப்பாமல் பிடித்தவரோடு இடம் மாற்ற வேண்டும். ‘அவுட்’ ஆனால் உட்கார வேண்டும் என்ற விதி, அதிகம் ஓட வேண்டிய குழந்தையைத்தான் முதலில் உட்கார வைக்கும்.

பிழையையும் சும்மா நிற்பதையும் கண்டுபிடிக்கும் இந்தக் கண் முகாமில் வருமா என்பதுதான் முதல் வழியைப் பற்றிய கேள்வி. முகாமில் முப்பது ஆசிரியர்கள், எல்லோரும் பெரியவர்கள். சொன்ன உடனே வட்டமாக நிற்பார்கள், விசிலுக்கு நிற்பார்கள். பந்து வேண்டிய அளவு இருக்கும். குழந்தை ஒன்றுகூட இருக்காது. பள்ளிக்குத் திரும்பினால் நாற்பது குழந்தைகள், மூன்று பந்துகள், அவற்றில் ஒன்று காற்றுப் போனது. அங்கே ஓடிய பாடம் இங்கே ஓடாது. முதல் வாரம் ஆசையாக முயன்று, இரண்டாவது வாரம் கத்திக் களைத்து, மூன்றாவது வாரம் பழையபடி மரத்தடி.

இன்னொரு ஓட்டையும் உண்டு. பள்ளிக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். அவர் வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் என்பது காகிதத்தில் உள்ள திட்டம். அடுத்த பொதுமாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் கிடைத்தால் பயிற்சியும் அவரோடு பஸ் ஏறிவிடும். ஐந்து ஆசிரியர்களையும் அனுப்பினால் 25 கற்பித்தல் நாள் போகும். தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சிகளுக்கே வகுப்பை விட்டுப் போகும் ஆசிரியரிடம் இதையும் கேட்பது நியாயமில்லை.

முகாமுக்கென்று ஓர் இடம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு, முதலுதவி, வெயில் ஆகியவற்றை ஒரே இடத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதே நல்லது. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெயிலில் ஆடிய குழந்தை உளறினாலோ தள்ளாடினாலோ ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலர் பையில் பூட்டிக் கிடக்கக் கூடாது. மைதானத்துக்கு வர வேண்டும். இதற்கு இரண்டு அரை நாள் தாராளம்.

முகாமுக்கு வரும் பெண் ஆசிரியர்களுக்கு இன்னொரு பயமும் இருக்கும்: புடவையோடு நான் ஓடிக் காட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. செய்து காட்ட வகுப்பில் ஒரு குழந்தை போதும். டீச்சரின் வேலை எங்கே பார்ப்பது, என்ன சொல்வது என்பதுதான். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

இரண்டாவது வழி, வெளியாளை வைத்து வகுப்பு எடுப்பது. முதல் நாளிலிருந்தே குழந்தைக்குப் பலன் கிடைப்பது இதில் மட்டும்தான். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கலிபோர்னியாவில் நடந்து 1997-ல் வெளியான ‘ஸ்பார்க்’ ஆய்வில், உடற்கல்வி நிபுணர் எடுத்த பள்ளிகளில் குழந்தைகள் வாரத்துக்கு 40 நிமிடம் வகுப்பில் அசைந்தார்கள். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர் எடுத்த பள்ளிகளில் 33 நிமிடம். எதுவும் செய்யாமல் விட்ட பள்ளிகளில் 18. நிபுணர் முந்துகிறார் என்பது உண்மை. ஆனால் 18-லிருந்து 33-க்கு வகுப்பாசிரியரே கொண்டுவந்துவிட்டார் என்பதைத்தான் நாங்கள் இரண்டு தடவை படிப்போம். மிச்சமுள்ள ஏழு நிமிடத்துக்காக ஆண்டுதோறும் ஒரு சம்பளம் தேட வேண்டுமா என்பது பள்ளி எடுக்க வேண்டிய முடிவு. அந்த வகுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி மட்டும் கிடைக்கவில்லை; நிபுணர்கள் பள்ளிக்கே வந்து உதவியும் செய்தார்கள்.

பணம் நின்றால் பாடமும் நின்றுவிடும் என்பது இந்த வழியின் பெரிய குறை. பயிற்சியாளர் மைதானத்தில் இருக்கும் நாற்பது நிமிடமும் வகுப்பாசிரியர் உள்ளே எமிஸ் என்ற பள்ளி விவர இணையதளத்தில் பதிவு செய்துகொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் கிடைக்கும் ஒரே நேரம் அது. மூன்று ஆண்டு கழித்து நன்கொடையாளர் விலகும்போது, பள்ளியில் விளையாட்டு எடுக்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். இங்கிலாந்தில் 2013-ல் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே ஒரு விளையாட்டு நிதி வந்தது. 2017-ல் அது பெரும்பாலான பள்ளிகளுக்கு ஆண்டுக்கு 16,000 பவுண்டும், மாணவர் ஒருவருக்கு 10 பவுண்டும் என்று ஆனது. அந்த நிதியின் விதிகளிலேயே, ஆசிரியர்களுக்குரிய பாடத் தயாரிப்பு நேரத்தை நிரப்பப் பயிற்சியாளரை வைக்க இதைச் செலவழிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். காசு இருக்கும் இடத்திலும் இதே பள்ளம்தான்.

ஆறு முதல் எட்டு வரை உள்ள பள்ளிக்குக் கணக்கு வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் அட்டவணைப்படி, அந்த வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்ற பாடங்களுக்கு நியமிக்கப்பட்டது இந்த வகுப்புகளுக்காகத்தான். அவர்கள் பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்காகப் போராடுவதைப் பார்த்த எவருக்கும் ‘பகுதிநேர ஆள்’ என்பது எவ்வளவு நிலையற்ற ஏற்பாடு என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அப்படி ஒருவர் உங்கள் நடுநிலைப் பள்ளியில் இருந்தால், புதிதாக ஆள் தேடாமல் அவருடைய நாளில் ஒரு பகுதியில் கீழ் வகுப்பு டீச்சர்களோடு சேர்ந்து நிற்கக் கேட்டுப் பாருங்கள்.

இனி மூன்றாவது வழி. ஒரு பருவத்தில் 12 வாரம், வாரம் ஒரு நாள். ஐந்து வகுப்புக்கு ஐந்து வேளை, வேளைக்கு 40 நிமிடம். பி.இ.டி. செலவிடுவது 12 நாள். ஒவ்வொரு டீச்சருக்கும் தன் வகுப்புக் குழந்தைகள் முன்னாலேயே 8 மணி நேரப் பயிற்சி. மாற்று ஆசிரியர் தேட வேண்டியதில்லை, ஒரு கற்பித்தல் நாளும் போகாது. முகாமின் 25 நாளோடு இதை வைத்துப் பாருங்கள்.

முதல் மூன்று வாரம் பி.இ.டி. எடுப்பார், டீச்சர் பார்ப்பார். சும்மா பார்க்கச் சொன்னால் கண் நோட்டுக் கட்டுக்குத்தான் போகும். அதனால் கையில் ஒரு வேலை கொடுக்க வேண்டும்: இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனை குழந்தை நிற்கிறது என்று எண்ணிக் குறிப்பது. நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வரை பங்கு போட்டுக்கொள்வது. பி.இ.டி. உடம்பைச் சூடாக்கும் பகுதியை எடுப்பார், டீச்சர் நடுப்பகுதியை எடுப்பார், கடைசி ஆட்டம் இருவரும். ஒன்பதாவது வாரம் முதல் டீச்சரே முழுக்க எடுப்பார், பி.இ.டி. ஓரமாக நிற்பார். விசில் அவர் கழுத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் ஊதிவிடுவார்.

வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடப் பேச்சு. அதில் ஒரே ஒரு திருத்தம்தான். அதுவும் கேள்வியாக வந்தால் நல்லது.

“டீச்சர், ரெண்டாவது வரிசையில பச்சை ரிப்பன் கட்டுன பொண்ணு எத்தனை தடவை பந்தைத் தொட்டுச்சு?”

“ரெண்டு தடவை இருக்கும் சார்… இல்ல, ஒரு தடவைதான்.”

“பந்து இன்னும் ரெண்டு இருந்தா?”

அவ்வளவுதான். அடுத்த வாரம் டீச்சரே கூடுதல் பந்து எடுத்து வருவார்.

திறன் பக்கத்திலும் இந்த மாதிரி நெருக்கமாகக் காட்டினால்தான் நிற்கும். எறிதலை எடுத்துக்கொள்வோம். வலது கையால் எறியும் குழந்தை வலது காலையே முன்னால் வைக்கும். உடம்பு திரும்பாது, பந்து முழங்கை வலுவில் மட்டும் போய் விழும். நூலில் ‘எதிர்க்கால் முன்னே’ என்று படித்த டீச்சர் அதையே கத்துவார், குழந்தை குழம்பும். மைதானத்தில் பி.இ.டி. செய்வது வேறு. சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கவாட்டில் நிற்க வைத்து, இடது தோள் சுவரைப் பார்க்கட்டும் என்பார். நாலைந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரைக் காட்டி, “குறி பார்க்காதே, பலமா எறி” என்பார். குறி பார்க்கச் சொன்னால் குழந்தை பயந்து தூக்கிப் போடும், காலே நகராது. பலமாக எறியச் சொன்னால் கால் தானாக முன்னே வந்துவிடும். பிடிப்பதில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. பந்து கனமாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். நாலு தாள் செய்தித்தாளைக் கசக்கிப் பாலிதீன் பையில் சுற்றி, பழைய சைக்கிள் டியூபை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வளையமாக வெட்டி, எட்டுப் பத்து வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் முகத்தில் பட்டாலும் வலிக்காத பந்து தயார்.

இந்த வழி கெட்டுப்போவது மூன்று இடத்தில். முதலாவது, பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டி தொடங்கிவிட்டால் பி.இ.டி. உங்கள் பள்ளிப் பக்கம் வர மாட்டார். அவருடைய பள்ளி அணி, நடுவர் பணி, பிறகு பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகள் என்று அவருக்கு ஆண்டு ஓடும். அதனால் நாள் குறிக்கும் முன் அவரிடம் போட்டி அட்டவணையைக் கேளுங்கள். அக்டோபர், நவம்பரில் மைதானம் சேறாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வந்த பி.இ.டி. பாதியில் நல்ல ஓட்டக்காரக் குழந்தைகள் ஐந்து பேரைப் பிரித்தெடுத்து அணி தேற்ற ஆரம்பித்துவிடுவார். பழக்கதோஷம், முதல் நாளே பேசிவிட வேண்டும். மூன்றாவதுதான் முக்கியம். பி.இ.டி. வரும் நாளைத் தவிர அதே வாரத்தில் இன்னொரு வேளையில் அதே பாடத்தை டீச்சர் தனியாக எடுத்தே ஆக வேண்டும். அது நடக்காத பள்ளியில் 12 வாரமும் வெறும் வேடிக்கைதான், பெயரை மாற்றிக்கொண்ட இரண்டாவது வழி. இதை உறுதிசெய்யத் தலைமை ஆசிரியரால் மட்டுமே முடியும்.

தனியார் நிறுவனங்கள் பாட அட்டை, பொருள்கள், ஆள் என்று மொத்தமாக விற்கும் திட்டங்கள் மெட்ரிக் பள்ளிகளில் பரவலாக இருக்கின்றன. பாட அட்டைகள் பல நன்றாகவே இருக்கும். ஒப்பந்தத்தில் ஒன்று மட்டும் பாருங்கள்: ஒப்பந்தம் முடிந்தபின் அட்டைகள் பள்ளியிடம் இருக்குமா? இல்லையென்றால் அதுவும் வாடகைக்கு எடுத்த வகுப்புதான். காணொலிப் பயிற்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓர் ஆட்டத்தின் விதியை நினைவுபடுத்த உதவும். நாற்பது பேரை நிறுத்தக் கற்றுத்தராது.

எந்தப் பள்ளிக்கு எது? ஐந்து ஆசிரியர்கள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு அரை நாள் பாதுகாப்புப் பயிற்சி, அதன் பிறகு 12 வாரம் கூட நிற்பது. ஈராசிரியர் பள்ளியில் மொத்தமே முப்பது குழந்தைகள், ஒன்று முதல் ஐந்து வரை ஒரே மைதானத்தில் இருப்பார்கள். அங்கே ஒரு நாள் முழுக்க பி.இ.டி. வருவது வீண். பக்கத்துப் பள்ளிகளை ஒன்றுசேர்க்கும் குறுவள மையத்தில் இப்படி இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து அவருடைய ஒரு நாளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பெரிய குழந்தையையும் சிறிய குழந்தையையும் இணையாக வைத்து ஆடும் ஆட்டங்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மேல் வகுப்புகளுக்கு மட்டும் பி.இ.டி. வைத்திருக்கும் தனியார் பள்ளி வெளியே எங்கும் போக வேண்டாம், அவருடைய கால அட்டவணையை மாற்றினால் போதும். பக்கத்தில் பத்து கிலோமீட்டருக்குள் பி.இ.டி.யே இல்லாத மலைப் பள்ளிக்கு மட்டும் முகாம்தான் வழி. அப்படியானால் நிபந்தனை வையுங்கள்: பயிற்சியின் பாதி நேரமாவது நிஜக் குழந்தைகளோடு நடக்க வேண்டும், ஒரே பள்ளியிலிருந்து குறைந்தது இரண்டு பேர் போக வேண்டும்.

பொருளுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 10,000 வரை விளையாட்டு மானியம் உண்டு. அதில் ஒரு கேரம் போர்டும் இரண்டு வாலிபாலும் வாங்கி பீரோவில் பூட்டுவது வழக்கம். நாற்பது பேர் வகுப்புக்கு வேண்டியது இருவருக்கு ஒன்றாக 20 சிறு பந்து, 20 ஸ்கிப்பிங் கயிறு, 10 வளையம், நாலைந்து மீட்டர் நீளத்தில் மூன்று பெரிய கயிறு. பந்தில் பாதியைச் செய்தித்தாளில் செய்யலாம். எல்லைக் குறிக்குப் பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் போதும். ஸ்கிப்பிங் கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரண்டு நுனியும் அக்குளுக்கு வர வேண்டும். கடையில் எல்லாம் ஒரே நீளத்தில்தான் கிடைக்கும். நீளமானதை நுனியில் முடிச்சுப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம், குட்டையானதை ஒன்றும் செய்ய முடியாது.

எடுத்த வழி வேலை செய்கிறதா என்று பார்க்க உடற்தகுதித் தேர்வை நம்ப வேண்டாம். கேலோ இந்தியா தேர்வில் ஐந்து முதல் எட்டு வயதுக்கு ஒற்றைக்கால் சமநிலையும், இரண்டு வட்டங்களைக் கையால் மாறி மாறித் தட்டும் ‘பிளேட் டேப்பிங்’கும், ஒன்பதுக்கு மேல் 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம் போன்றவையும் உண்டு. அவை குழந்தையை அளக்கின்றன, வகுப்பை அளப்பதில்லை. வகுப்பை அளக்க செல்பேசியில் உள்ள ஸ்டாப்வாட்ச் போதும். முன்னால் நிற்கும் ஒரு குழந்தை, நடுவில் ஒன்று, எப்போதும் ஓரத்தில் ஒதுங்கும் ஒன்று என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள். டீச்சருக்குச் சொல்ல வேண்டாம். அந்தக் குழந்தை நகரும்போது மட்டும் கடிகாரம் ஓடட்டும். வகுப்பறையிலிருந்து மைதானத்துக்குப் போக, வரிசை கட்ட, திரும்பிக் கை கழுவ என்று 40 நிமிடத்தில் 13 நிமிடம் போனது போக மீதி 27. அதில் பாதிக்கு மேல், அதாவது 14 நிமிடம், அந்த ஓரத்துக் குழந்தையின் கடிகாரம் ஓடியிருக்க வேண்டும். முதல் வாரத்தில் ஒரு தடவை, எட்டாவது வாரத்தில் ஒரு தடவை, பி.இ.டி. வருவது நின்று இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை அளந்து வையுங்கள். அடுத்த ஆண்டு பணத்தை எதில் போடுவது என்று மேலாண்மைக் குழு கூடும்போது, அந்த மூன்றாவது எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும்.